பத்தியம் எனக்கு, ஓட்டம் தம்பிக்கு

தெருவில் என் தம்பியைப் பார்க்கிறவர்கள் "சௌக்கியமா?" என்று கேட்பார்கள். நான் அப்படிக் கேட்டதில்லை. ஆபீசுக்குக் கிளம்பும்போது அவன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "ஒண்ணுக்கு நன்னாப் போறதோடா?" என்பேன். அவன் உள்ளேயிருந்து "போறது, போறது" என்பான். அது காதில் விழுந்தால்தான் எனக்கு பஸ் ஸ்டாப் பக்கம் கால் நகரும். மலையாள ஊரான கரமனையில், தமிழர் குடியிருந்த எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருப்பவை. நான் கேட்பது நாலு வீட்டுக்குக் கேட்கும். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பழகிப்போய், நான் கேட்காத ஒரு நாள் எதிர்வீட்டு மாமி "இன்னிக்கு என்ன, மறந்துட்டேளா?" என்றாள்.

கேட்க எனக்கு உரிமை இருந்தது. அவன் வயிற்றில் வேலை செய்துகொண்டிருந்தது என் சிறுநீரகம். தொண்ணூறுகளின் நடுவில், இதே ஊரில், ஒரே நாளில் எங்கள் இரண்டு பேரையும் அறுத்து, என்னிடமிருந்து எடுத்து அவனுக்கு வைத்தார்கள். அதற்கப்புறம் நான் பட்ட பாட்டில் பாதிக்குமேல் அந்த அறுவையால் வந்ததில்லை. அவன் ஓட ஆரம்பித்ததால் வந்தது.

ஓட்டம் அவனுக்குப் புதிசு இல்லை. காலேஜில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடி, யூனிவர்சிட்டிக்கு ஓடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலையும் வாங்கினவன். எங்கள் தெருவில் பையன்கள் ஒன்று கணக்குப் பரீட்சையில் ஜெயிப்பார்கள், இல்லாவிட்டால் கச்சேரி பண்ணுவார்கள். கால்சட்டை போட்டுக்கொண்டு ஓடி வேலை வாங்கினவன் இவன் ஒருத்தன்தான். அப்பா இருந்தவரைக்கும் வெளியில் சொல்ல வெட்கப்பட்டார். அந்த ஓட்டக்காரனுக்குத்தான் முப்பத்தைந்து வயசில் காலையில் முகம் வீங்கியது. சாயங்காலம் செருப்பின் வார் காலில் பதிந்து கிடந்தது. பரிசோதனை செய்து பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ். திரும்பி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கட்டிலுக்குப் போவான்.

யார் கொடுப்பது என்று வந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை, அவன் பெண்டாட்டிக்கு ரத்த வகை சேரவில்லை, அக்காவுக்கும் தங்கைக்கும் பிள்ளை குட்டிகள். எனக்கு எல்லாம் சேர்ந்தது. எனக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் அது தெரிந்தது. இவளை நம்பி யாரும் இல்லையே, இவள் கொடுக்கட்டுமே. நான் அதற்காகக் கொடுக்கவில்லை. எனக்கு அவனைப் பிடிக்கும், அதனால் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "உனக்கு பயமா இல்லையா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். "அப்போ சரி, யோசிச்சுத்தான் சொல்றே" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் என்னை நேரே என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அம்மா ஒரே பிடிவாதமாக, "பொறந்தாத்துக்குத்தான் வரணும்" என்றாள். அது தம்பி வீடுதான், அம்மா அவனோடு இருந்தாள். அங்கே போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. உள் அறையில் கட்டில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். ஈயச்சொம்பில் பூண்டு ரசம். அங்காயப் பொடி போட்டுப் பிசைந்த சாதத்தில் மிதக்க மிதக்க நெய். வெறும் வயிற்றில் லேகிய உருண்டை. காதில் பஞ்சு. என் தலையெழுத்தே! நாற்பத்திரண்டு வயசில், பிள்ளை பெறாத எனக்குப் பிரசவப் பத்தியம்.

"அம்மா, இது பிரசவம் இல்லைம்மா" என்றேன்.

"வயத்துலேர்ந்து ஒண்ணு வெளில வந்தா பிரசவம்தான். நீ பேசாம படு. காத்து உள்ள போயிடும்."

அப்பாவின் பழைய மல் வேஷ்டியை நீளமாகக் கிழித்து என் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பெற்றவளுக்கு வயிறு போடாமல் இருக்கக் கட்டுகிற கட்டு. எனக்குக் கீறல் இருந்தது விலாவுக்குக் கீழே, இடுப்பிலிருந்து முதுகு வரைக்கும். கட்டு சரியாக அதன்மேல் உட்கார்ந்தது. அம்மாடி, அந்த வலி! கத்தினேன். அம்மா அழுதுகொண்டே கட்டினாள். அக்காவும் தங்கையும் பெற்றபோதெல்லாம் அவள்தான் கட்டியிருக்கிறாள். எனக்குக் கட்டுவதற்காக இருபது வருஷம் காத்திருந்துவிட்டு ஓய்ந்துபோனவள். அது தெரிந்ததால் நானும் அப்புறம் கத்தவில்லை. மத்தியானம் அவள் தூங்கும்போது தளர்த்திக்கொள்வேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. யாரோ எனக்கு ரசம் கரைத்துக் கொடுத்ததும், வெந்நீர் விளாவிக் கொடுத்ததும், "எழுந்திருக்காதே" என்றதும். பதினெட்டு வயசிலிருந்து எழுந்திருந்துகொண்டே இருந்தவள் நான். டாக்டர் டிஸ்சார்ஜ் பண்ணும்போது எங்கள் இரண்டு பேரிடமும், தினமும் நடக்கணும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து இரண்டு பேரையும் படுக்கப் போட்டாள். நான் உள் அறையில், அவன் முன் அறையில்.

மாதங்கள் போய் நான் ஆபீசுக்குத் திரும்பினேன். பத்தியத்தில் நெய் மட்டும் நின்றுபோகவில்லை. நடை? இரண்டாம் மாடிக்கு லிஃப்ட் இருந்தது. கூட வேலை செய்தவர்கள் "சேச்சி இரிக்கு, சேச்சி இரிக்கு" என்று மலையாளத்தில் அக்கா உட்காரு எனச் சொல்லி ஃபைலை மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் தண்ணீர்க் குடத்தை அவர் எடுத்து வைப்பார். நானும் உட்கார்ந்தேன்.

தம்பியை உட்காரவைக்கிற வேலையில் நானும் அம்மாவும் ஒரே கட்சி. சாய்வு நாற்காலியை விட்டு எழுந்தால் "எங்கேடா?" என்போம். மாத்திரையில் அவன் முகம் அப்பமாக ஊதிப் பசி பிடுங்கித் தின்றது. மாடி ஏறாதே, வெயிலில் போகாதே, பக்கெட்டைத் தூக்காதே. அவனுக்கு வைத்த சிறுநீரகம் பின்பக்கம் இல்லை, முன்பக்கம் வலது அடிவயிற்றில், தோலுக்குக் கீழேயே இருந்தது. கைவைத்தால் தட்டுப்படும். ஒரு நாள் அவனே என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினான். எனக்குச் சிலிர்த்துப்போயிற்று. இவ்வளவு மேலாக வைத்திருக்கிறார்களே, ஒரு இடி இடித்தால் என்ன ஆகும் என்று பயம் வந்தது. அந்தப் பயம் என்னை விடவே இல்லை. அவன் செத்துப்போனால் அவனும் போவான், நான் கொடுத்ததும் போகும். இரண்டாவது தரம் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது?

ஒரு காலையில் நான் வாசலில் நின்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அம்மா வந்து, "தூங்கறான், நீ போ, பஸ் போயிடும்" என்றாள். அவள் முகம் சரியில்லை. எனக்கும் நேரமில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். கரமனைப் பாலம் வந்தது. நடைபாதையில் ஒருத்தன் கால்சட்டையும் பனியனுமாக ஓடி வருகிறான். காலங்கார்த்தாலே எந்தப் பைத்தியம் என்று பார்த்தேன். இடுப்பில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தான். துணியின் ஓரத்தில் மங்கின மயில்கண் கரை. அப்பாவின் வேஷ்டி. எனக்குக் கட்டின பிரசவக் கட்டு.

"நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ!" என்று நான் போட்ட கூச்சலில் கண்டக்டர் மணியை அடித்துவிட்டார். "எந்தா அம்மே, ஆரெங்கிலும் வீணோ?" என்றார். யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்கிறார். இனிமேல்தான் விழப்போகிறான் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

பாலத்தின் நடுவில் அவனை மறித்தேன். அவன் நின்றான். மூச்சு வாங்கினாலும் முகத்தில் திருட்டுச் சிரிப்பு.

"எத்தனை நாளா நடக்கறது இது?"

"கொஞ்ச நாளா. பூஜப்புரை மைதானம் வரைக்கும் போயிட்டு வருவேன், அவ்வளவுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் துணி கட்டி விடறா."

அடப்பாவி! கட்சி மாறிவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "உள்ள வச்சிருக்கறது யாரோடதுன்னு ஓர்மை இருக்கோ, ஞாபகம் இருக்கோ? வெறுதே சும்மா ஓடி ஓடி அதைக் கழட்டிடப் போறியா? என் வயத்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தேண்டா!"

"ஓர்மை இருக்கறதாலதான் துணி கட்டியிருக்கேன்" என்றான். பிறகு பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றைப் பார்த்தபடி சொன்னான்: "உக்காந்துண்டே இருந்தா நாள் பூரா ஓர்மை வர்றது அக்கா. இது அக்காவோடது, இது அக்காவோடதுன்னு. ஓடறச்சே மட்டும் இது என்னோடதா இருக்கு. அரை மணிநேரம். அது போறும் எனக்கு."

 நான் அதைக் கேட்டும் இன்னும் கத்தினேன். பாலத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

விடுவேனா? அவனுடைய அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன், டாக்டர் வாயாலேயே நிறுத்திவிடலாம் என்று. டாக்டர் மலையாளி, நிதானமானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தார், அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "ஓடட்டே சேச்சி. பின்னே எந்தினா நம்மள் இதொக்கெ செய்தது?" ஓடட்டும், அதற்காகத்தானே இவ்வளவும் செய்தது என்கிறார். அடிபடுகிற விளையாட்டு மட்டும் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கணும், மாத்திரை தவறக் கூடாது. துணிக்கட்டு வேண்டியதே இல்லையாம், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லையாம். என் தம்பி ஜெயித்த கையோடு என்னைப் பார்த்தான். துணியை மட்டும் அவன் விடவில்லை.

கிளம்பும்போது டாக்டர், "சேச்சி நடக்காறுண்டோ? சேச்சியுடெ செக்கப் எப்பழாணு?" என்று கேட்டார். நான் நடக்கிறேனா, எனக்குச் செக்கப் எப்போது என்று. கொடுத்தவர்களும் வருஷத்துக்கு ஒரு தரம் வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். "ஆபீஸ்ல நடக்கறேன். அடுத்த மாசம் வரேன்" என்றேன். எனக்கு என்ன கேடு? வியாதிக்காரன் அவன். கவலைப்பட வேண்டிய ஆள் இவன் ஒருத்தன் போதாதா?

அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. வருஷங்கள்தான் வந்தன. காலையில் அவன் ஓடிவிட்டு வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி நான் வாசலில் காபியை வைத்துக்கொண்டு நிற்பேன். பத்து நிமிஷம் தாமதமானால் காபி ஆறிவிடும், எனக்கு நாக்கு வறண்டுவிடும். மழைக்காலத்தில் பாசி வழுக்குமே என்று பயம். நாய் துரத்துமே என்று பயம். அவன் திரும்பி வரும்போது கேள்வியைக் கேட்பேன், அவன் "போறது, போறது" என்பான், நான் போய்ச் சமைப்பேன், பஸ்ஸைப் பிடிப்பேன். சாயங்காலம் வரும்போது கால்கள் கனத்துக் கிடக்கும். செருப்பைக் கழற்றினால் வார் பதிந்திருக்கும். பின்மண்டையில் ஒரு வலி, வெயிலால் என்று நினைத்துக்கொள்வேன். வயசாகிறது, உடம்பு பெருத்துவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்தேன். அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தால் யாராவது வந்து எழுப்புகிறவரைக்கும் எழுந்திருக்கத் தோன்றாது. ஒரு ஆளுக்காகப் பயப்படுவதையே வேலையாக வைத்துக்கொண்டால் உடம்பு அப்படித்தான் ஓய்ந்துபோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வருஷத்துக்குமேல் ஆனபிறகு ஒரு நாள் அம்மா மெதுவாகச் சொன்னாள், அவன் ஆபீஸ் ஸ்போர்ட்ஸில் பேர் கொடுத்திருக்கிறான் என்று. நாற்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர். என் தலையில் இடி விழுந்தது. காலையில் சும்மா ஓடுவது வேறு, பந்தயம் வேறு. பந்தயம் என்றால் அவனுக்கு வெறி பிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரு தரம் கோடு தாண்டின உடனே ரத்தம் வாந்தியெடுக்கிற மாதிரி இருமி மண்ணில் விழுந்தவன்.

போய்க் கேட்டேன். "வேண்டாம்டா. நிறுத்திக்கோ. இத்தனை நாள் ஓடினது போறாதா?"

"ஜெயிக்கப் போகலை அக்கா. கூட ஓடினவாளோட ஒரு தரம் கோட்டில நிக்கணும். சீக்காளின்னு ஒதுக்கி வச்சவன் எல்லாம் பாக்கணும். கடைசியா வந்தாலும் போறும்."

"வழியில விழுந்தா?"

"நீ வந்து பிடிச்சுக்கோ" என்றான், கிண்டலாக.

போனேன். விளையாட்டு இல்லை, நிஜமாகவே விழுந்தால் பிடிக்கத்தான் போனேன். அரைநாள் லீவு போட்டு, பையில் அவன் மாத்திரை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டேன். ஸ்டேடியத்தில் வெயில் சுட்டுப் பொசுக்கியது. கீழே உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் தெரியாது, அவன் விழுந்தால் தெரியாது. அதனால் மேலே கூரை நிழலுக்குப் போகலாம் என்று கேலரிப் படியில் ஏற ஆரம்பித்தேன். சிமெண்ட் படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

பாதி ஏறுவதற்குள் கீழே விசில் ஊதிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். தொப்பையும் தொந்தியுமாகப் பத்துப் பதினைந்து பேர், நடுவில் இவன், மெலிசாக, இடுப்பில் அந்தத் துணி. முதல் சுற்றில் கடைசிக்கு முந்தினவனாக வந்தான். இரண்டாவது சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினான். அவன் ஆபீஸ்காரர்கள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் ஓடுகிற அழகை நான் அதற்கு முன் நின்று பார்த்ததே இல்லை. பாலத்தில் மறித்திருக்கிறேன், வாசலில் காத்திருக்கிறேன், பார்த்ததில்லை. தோள் அசையாமல், சத்தமே இல்லாமல் போனான். எனக்குப் பெருமையாக இருந்தது. போடா கண்ணா, போ என்று வாய்க்குள் சொன்னேன். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று மேலும் இரண்டு படி ஏறினேன்.

அதற்குமேல் மூச்சு வரவில்லை. காதுக்குள் கொய்யென்று சத்தம். பின்மண்டை வலி பிளந்துகொண்டு வந்தது. கண் இருட்டியது. பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபிளாஸ்க் உருண்டு போகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் "அய்யோ, ஈ சேச்சிக்கு எந்து பற்றி?" என்று, எனக்கு என்ன ஆயிற்று எனக் கேட்டபடி ஓடிவந்து குடையை விரித்தார்கள். ஒருத்தி விசிறினாள். ஒன்றும் இல்லை, தம்பியைப் பாருங்கோ, தம்பியைப் பாருங்கோ என்று நான் சொன்னேன். அவர்களுக்கு எந்தத் தம்பி என்று தெரியாது.

கீழே கூச்சல் மாறியது. கடைசிச் சுற்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. குடைகள் கூடியிருப்பதை அவன் எதிர்ப்பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறான். கோட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தடத்தை விட்டு வெளியே வந்து, கம்பி வேலியைத் தாண்டி, அந்த முழங்கால் உயரப் படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தான். கோட்டைத் தாண்டவில்லை. அவன் ஆசைப்பட்டதெல்லாம் அந்தக் கோடு ஒன்றுதான்.

என் முன்னால் குந்தி உட்கார்ந்தான். வியர்வை சொட்டியது, ஆனால் மூச்சு நிதானமாக இருந்தது. என் மூச்சுதான் நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான், கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்ததைப் பார்த்தான். குனிந்து என் செருப்பைப் பார்த்தான், வார் பதிந்திருந்த காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. அந்தக் குழி என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு காலத்தில் அவன் காலில் நான் அழுத்திப் பார்த்தது.

"போய் ஓடுடா, இன்னும் கொஞ்சம்தானே பாக்கி" என்றேன்.

அவன் கேட்கவில்லை. இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து என் முகத்தைத் துடைத்தான். அப்புறம் அத்தனை பேர் நடுவில், வெட்கமே இல்லாமல், நான் வாசலில் நின்று கேட்பேனே, அதே குரலில் கேட்டான்:

"அக்கா, உனக்கு ஒண்ணுக்கு நன்னாப் போறதோ?"

எனக்குள் மிச்சம் இருந்த ஒன்றைப் பற்றி அதுவரைக்கும் வீட்டில் ஒருத்தரும் விசாரித்ததில்லை. அம்மா விசாரித்ததில்லை, என் வீட்டுக்காரர் விசாரித்ததில்லை. நான்கூட. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

"தெரியலைடா" என்றேன். "நான் பாக்கவே இல்லை."